குழந்தைக்கு எவ்வளவு மருந்து? தென் திருவிதாங்கூர்க் கடற்கரையின் இருநூறு ஆண்டுகள்

விழிஞ்ஞம் என்னும் பெயர் தமிழ் வாசகருக்கு இரு வகையில் அறிமுகமானது. ஆய் மன்னர்களின் துறைமுகமாகவும் கோட்டையாகவும் விளங்கி, பாண்டியன் நெடுஞ்சடையனின் செப்பேட்டிலும் பின்னர்ச் சோழர் படையெடுப்புகளின் வரலாற்றிலும் இடம்பெற்ற ஊர் என்பது ஒன்று. 2025 மே 2 அன்று தொடங்கிவைக்கப்பட்ட, பெருஞ்சரக்குக் கப்பல்கள் அணையும் பன்னாட்டுத் துறைமுகம் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அது நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த மீனவர் ஊராகவே இருந்தது. கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் நெருங்கி வாழும் அக்கரை 2010இல்தான் திருவனந்தபுரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அரசர்களுக்கும் கப்பல்களுக்கும் எழுதப்பட்ட வரலாறு ஏராளமாக உண்டு. அக்கரையையும் அதைச் சூழ்ந்த தென் திருவிதாங்கூரையும் சேர்ந்த குழந்தைகளின் வாயில் ஊற்றப்பட்ட மருந்துகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதுவே இங்குப் பொருள்.

மிகை மருத்துவம் என்று இங்குக் குறிக்கப்படுவது, தானாகவே தீரக்கூடிய நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்தும், பயனில்லை என்று தெரிந்தும் செய்யப்படும் சோதனையும், நன்மையைவிடத் தீங்கே மிகுந்த சிகிச்சையும் ஆகும். இதைத் தனியார் மருத்துவமனைகளின் பேராசைக்கும் மருந்துக் கம்பெனிகளின் விற்பனை உத்திக்கும் பிறந்த அண்மைக்காலக் கேடாகக் கருதுவது பொது வழக்கம். அக்கருத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் தென் திருவிதாங்கூரின் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, மருந்தை மறுத்த மக்களை மருந்து ஏற்கச் செய்வதில் ஒரு நாடு பெற்ற வெற்றியே, பிற்காலத்தில் மருந்து வேண்டாம் என்று அதே மக்களிடம் சொல்வதை அரிதாக்கியது என்பது தெளிவாகிறது.

குழந்தைக்கு அடிக்கடி மருந்து கொடுக்கும் பழக்கம் மேலை மருத்துவத்தோடு வந்ததன்று. தமிழகத்தில் உரைமருந்து என்றும் மலையாளத்தில் உரமருந்நு என்றும் வழங்கும் முறையில், வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், சுக்கு போன்றவற்றைத் தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ கல்லில் இழைத்து, பிறந்த சில நாட்களிலிருந்தே குழந்தையின் நாக்கில் தடவுவது வழக்கம். தேனும் பொன்னும் வசம்பும் சேர்த்து இழைத்துப் பிறந்த குழந்தைக்குக் கொடுப்பது கேரளத்தின் பல சமூகங்களில் சடங்காகவே நிலைத்தது. இம்முறையில் நோயும் நோயின்மையும் பிரிக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது: நலமாயிருக்கும் குழந்தைக்கும் மருந்து உண்டு, மருந்து கொடுப்பதே பேணுதலின் அடையாளம். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது என்பது இன்றைய மருத்துவத்தின் உறுதியான அறிவுரை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் விதை குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும் என்பதே காரணம். பின்னாளில் உரைகல்லின் இடத்தைக் கிரைப் வாட்டர் புட்டி பிடித்தபோது வீட்டின் மனநிலை மாறவில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான அந்தக் கலவையில் சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும் சர்க்கரையும் இருந்தன. நெடுங்காலம் சாராயமும் இருந்தது. அழும் குழந்தை அடங்கியதில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு பங்கு என்று எந்தத் தாயும் கேட்டிருக்க முடியாது.

அரசு குழந்தையின் உடலுக்குள் நுழைந்தது அம்மைத் தடுப்பின் வழியாக. திருவிதாங்கூரில் 1813இல், ராணி கௌரி லட்சுமி பாயின் ஆட்சியில், ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், அம்மை குத்தும் துறை தொடங்கப்பட்டது. மக்களின் அச்சம் நீங்கும்பொருட்டு அரச குடும்பத்தினரே முதலில் குத்திக்கொண்டனர். அதற்குப் பின்னும் இரண்டு தலைமுறைக் காலம் தயக்கம் நீடித்தமையால், 1879இல் அரசு ஊழியர்களுக்கும் சிறைக்கைதிகளுக்கும் மாணவர்களுக்கும் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கும் அரச ஆணை பிறந்தது. ஊழியரையும் கைதியையும் மாணவரையும் ஒரே வரியில் நிறுத்திய அந்த ஆணை, அரசின் கைக்கு எளிதில் எட்டும் உடல்கள் எவை என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. பெரியம்மையைப் பொறுத்தவரை அரசின் பக்கமே நியாயம் இருந்தது, அதில் ஐயமில்லை. இன்றைய தடுப்பூசி மறுப்பாளர்கள் மிகை மருத்துவம் பற்றிய வாதங்களைத் தமக்கு ஆதரவாக இழுத்துக்கொள்வது உண்டு என்பதால், தடுப்பூசிக்கும் மிகை மருந்துக்கும் உள்ள வேறுபாடு தொடக்கத்திலேயே சொல்லப்பட வேண்டியது. தடுப்பூசி குறைந்ததால் இறந்த குழந்தைகளும் மருந்து மிகுந்ததால் கெட்ட குழந்தைகளும் ஒரே வரலாற்றில் இடம்பெறுபவர்களே ஆயினும், ஒருவரின் துயரத்துக்கு மற்றவரின் தீர்வு மருந்தாகாது.

19ஆம் நூற்றாண்டு முழுவதும் இக்கரையின் சிக்கல் மருந்தின் மிகுதியன்று, இன்மை. இலண்டன் மிஷன் சங்கம் 1838இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணியும், 1865இல் ஆயில்யம் திருநாள் மன்னர் திருவனந்தபுரத்தில் திறந்த அரசு மருத்துவமனையுமே தென் திருவிதாங்கூர் மக்களுக்குக் கிட்டிய பெரிய நிலையங்கள். இன்று குமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் அன்று இதே நாட்டின் ஊர். 1922, 1924 ஆண்டுகளின் எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்ட் சாமர்வெல் பின்னர் நெடுங்காலம் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்ததும் அங்கேதான். திருவனந்தபுரத்தின் தைக்காட்டில் இருந்த மகளிர் குழந்தைகள் மருத்துவமனையை 1916 முதல் நடத்தி, பின்னர் திருவிதாங்கூர் மருத்துவத் துறைக்கே தலைமை ஏற்ற மேரி புன்னன் லூக்கோஸின் பணியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கடற்கரைக் குடிசையிலிருந்து இவற்றுள் எதை அடையவும் நடையாகவோ வள்ளத்திலோ செல்ல வேண்டியிருந்த காலம் அது.

ஒருவரை ஒருவராகச் சோதித்து மருந்து கொடுக்கும் முறைக்கு மாறாக, ஊரையே நோயாளியாகக் கொண்டு எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் முறை இப்பகுதிக்கு வந்தது 1920களின் இறுதியில். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த மருத்துவர் டபிள்யூ. பி. ஜேக்காக்ஸ், இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பில் ஈடுபட்டவர். அவரது வழிகாட்டுதலில் 1928இல் திருவிதாங்கூரில் குடற்புழு ஆய்வு நடைபெற்றது. கொக்கிப்புழு என்பது மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, சிறுகுடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் நுண்புழு. குழந்தைகளின் சோகைக்கும் வளர்ச்சிக் குறைவுக்கும் அது பெருங்காரணமாக இருந்தது. விழிஞ்ஞம் அடங்கிய நெய்யாற்றின்கரையிலேயே 1930களில் அறக்கட்டளையின் துணையுடன் மாதிரிச் சுகாதாரப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டு, மருத்துவர், சுகாதார ஆய்வாளர், செவிலியர், மருத்துவச்சி ஆகியோர் வீடு வீடாகச் செல்லும் ஏற்பாடு உருவானது. பிற்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் என்று நாடெங்கும் பரவிய அமைப்பின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

அக்காலத்தில் கொக்கிப்புழுவுக்குக் கிடைத்த மருந்துகள் சாதாரணமானவை அல்ல. செனோப்போடியம் என்னும் செடியின் எண்ணெயும், 1921இல் மாரிஸ் ஹால் என்னும் அமெரிக்க ஆய்வாளர் பரிந்துரைத்த கார்பன் டெட்ராகுளோரைடும் புழுவைக் கொல்லும் அளவுக்கும் மனிதரை நோகச் செய்யும் அளவுக்கும் இடையே சிறு இடைவெளியே கொண்டவை. பின்னது ஈரலைக் கெடுக்கும் நஞ்சு என்பதால் பின்னர்க் கைவிடப்பட்டது. மருந்தோடு கழிப்பறையும் கட்டப்படாவிட்டால் புழு திரும்ப வரும் என்பதை அறக்கட்டளையின் மருத்துவர்களே நன்கு அறிந்திருந்தனர். ஆனால் கழிப்பறை கட்டுவதற்குப் பணமும் நிலமும் பல ஆண்டுகளும் தேவை. மருந்து கொடுக்க ஒரு காலைப்பொழுது போதும். கணக்கில் காட்டுவதற்கும் மருந்தே எளிது: எத்தனை பேர் விழுங்கினார்கள் என்பதை எண்ணிவிடலாம். இந்தக் கணக்கியல் வசதி குழந்தை மருத்துவத்தின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

அதன் தொடர்ச்சி இன்றும் உண்டு. இந்திய அரசு 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தின்படி, 1 வயது முதல் 19 வயது வரையுள்ளோர் அனைவருக்கும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்படுகிறது. இம்மாத்திரை பழைய மருந்துகளைப் போல அபாயமானதன்று. எனினும், குழந்தைகளில் 20 சதவீதத்தினருக்கு மேல் புழு உள்ள இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறையும், 50 சதவீதத்துக்கு மேல் உள்ள இடங்களில் ஆண்டுக்கு இருமுறையும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்; அனைவருக்கும் மருந்து கொடுப்பதால் எடையும் படிப்பும் கூடுகின்றனவா என்னும் வினாவில் ஆய்வாளர்களிடையே 2012க்குப் பின் கடும் வாதம் எழுந்தது. காலில் செருப்பும் வீட்டில் கழிப்பறையும் வந்துவிட்ட தெருவுக்கும், வராத தெருவுக்கும் ஒரே மாத்திரை, ஒரே நாள் என்பது நிர்வாகத்துக்கு உகந்தது. மருத்துவத்துக்கு எவ்வளவு உகந்தது என்பது அவ்வப்போது மலத்தைச் சோதித்துப் பார்த்தே சொல்லக்கூடியது.

மிகை மருந்தின் வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கென்று ஒரு சிறப்பிடம் உண்டு. அது நகரத்தின் மிகப் பெரிய தாய்சேய் மருத்துவமனையின் பெயரிலேயே பதிந்திருக்கிறது. எஸ்.ஏ.டி. என்று மக்கள் அழைக்கும் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை, 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியை ஒட்டி 1952இல் நிறுவப்பட்டது. பெயருக்கு உரியவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் சிறுவர். 1938இல் பிறந்து, வாதக் காய்ச்சலால் விளையும் இதய நோய்க்கு ஆளாகி, 1944இல் ஆறாம் வயதில் இறந்தவர். வாதக் காய்ச்சல் என்பது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா தொண்டையைத் தாக்கிய சில வாரங்களில், அதை எதிர்க்க எழுந்த உடலின் தற்காப்பு ஆற்றலே மூட்டுகளையும் இதயத்தின் அடைப்பிதழ்களையும் தாக்குவதால் உண்டாவது. தொண்டைப்புண் தோன்றியபோதே பென்சிலின் கொடுத்தால் அது பெரும்பாலும் தடுக்கப்படும். 1944இல் உலகின் பென்சிலின் பெரும்பகுதி போர்முனைக்குச் சென்றுகொண்டிருந்தது. இந்தியாவில் பென்சிலின் செய்யும் பொதுத்துறை ஆலை புனேக்கு அருகிலுள்ள பிம்பிரியில் உற்பத்தியைத் தொடங்கியது 1950களின் நடுவில். அரண்மனைக் குழந்தைக்கும் கிட்டாத மருந்து பத்தே ஆண்டுகளில் கடைத்தெருவில் கிட்டும் பொருளாயிற்று.

பிற்கால மருத்துவர் தொண்டை வலியோடு வரும் எந்தக் குழந்தைக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பி எழுதிக் கொடுத்ததற்குப் பின்னால் இந்த நினைவு நின்றது. நுண்ணுயிர் எதிர்ப்பி, அதாவது ஆன்டிபயாட்டிக், பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது அதன் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. குழந்தைகளின் சளி, இருமல், தொண்டை வலி ஆகியவற்றுள் பெரும்பான்மை வைரஸால் வருபவை; ஒரு வாரம் பத்து நாளில் தாமாக அடங்குபவை. நூறு குழந்தைகளுள் எந்தச் சிலருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். தொண்டைச் சளியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி விடை பெற நாளாகும். அதற்குள் குழந்தையின் வீட்டார் வேறு மருத்துவரைத் தேடிப் போய்விடுவர். எனவே நூறு பேருக்கும் மருந்து. ஒரு காலத்தில் உயிர்காத்த எச்சரிக்கை, நோயின் அளவு குறைந்த பின்னும் அதே அளவில் தொடர்ந்தபோது பழக்கமாயிற்று.

இவ்வாறு ஒரே தேர்வை எல்லோருக்கும் நீட்டும் மனப்போக்கு இந்திய மருத்துவருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு, நியூயார்க்கில் அமெரிக்கக் குழந்தை நலச் சங்கம் நடத்தி 1934இல் வெளியிட்ட ஆய்வு சான்று. பதினோரு வயதுடைய 1,000 பள்ளிக் குழந்தைகளுள் 611 பேருக்குத் தொண்டைச் சதை, அதாவது டான்சில், ஏற்கெனவே வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை மருத்துவர்கள் பார்த்து, அவர்களுள் 174 பேருக்கு அறுவை தேவை என்றனர். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பியபோது 99 பேருக்கு அறுவை தேவை என்றனர். அதிலும் தப்பிய 116 பேரை மூன்றாம் குழுவிடம் அனுப்பியபோது 51 பேருக்குத் தேவை என்றனர். நோயைவிட, ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே எண்ணிக்கையைத் தீர்மானித்தது. ஆய்வு 65 குழந்தைகளோடு நின்றுவிட்டது. நான்காம் குழு ஒன்று இருந்திருந்தால் அவர்களுள் எத்தனை பேர் மீண்டிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கேரளம் உருவான 1956க்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பெண் கல்வியும் உணவு வழங்கலும் சேர்ந்து குழந்தை இறப்பைக் குறைத்த கதை உலகறிந்தது. ஆயிரம் பிறப்புக்கு 1971இல் 58 ஆக இருந்த சிசு இறப்பு 1991இல் 16 அளவுக்கு இறங்கி, 2023இல் 5 ஆயிற்று. அவ்வாண்டு இந்தியச் சராசரி 25. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்திலிருந்து பி. ஜி. கே. பணிக்கரும் சி. ஆர். சோமனும் 1984இல் வெளியிட்ட நூல் இவ்வெற்றியின் மறுபக்கத்தைச் சுட்டியது: இறப்பு குறைந்தபோதும் நோய்வாய்ப்படுவோரின் எண்ணிக்கை குறையவில்லை. மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1987இல் ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் நடத்திய ஆய்வும் அதையே உறுதி செய்ததுடன், எளியோரும் தனியார் மருத்துவத்தையே பெருமளவு நாடுவதை வெளிப்படுத்தியது. வளைகுடாப் பணம் வந்துசேர, 1980களின் நடுவிலேயே தனியார் மருத்துவமனைப் படுக்கைகள் அரசுப் படுக்கைகளை விஞ்சின. உயிர் போகும் நோய் குறைந்த இடத்தில், உயிர் போகாத நோய்க்கு மருத்துவரிடம் செல்லும் வழக்கம் வளர்ந்தது. படித்த தாய் குழந்தையின் காய்ச்சலை முதல் நாளே கவனித்தாள், முதல் நாளே மருந்தும் பெற்றாள்.

கடற்கரை இப்பொதுச் சித்திரத்தில் முழுமையாக அடங்கவில்லை. பொருளியலாளர் ஜான் குரியன் 1995இல் எழுதிய கட்டுரையில், கேரள முன்மாதிரியின் பயன் எட்டாமல் விலகி நின்ற சமூகமாக மீனவரைக் காட்டினார். குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் போதாத, வீட்டோடு வீடு ஒட்டிய கரையில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் மூச்சுத் தொற்றும் ஓயாமல் வருவது இயல்பு. நகரின் மருந்துக்கடையோ அதிகத் தொலைவில் இல்லை. தண்ணீர் வராத தெருவுக்கு மருந்து வந்துவிட்டது என்பதே விழிஞ்ஞம் போன்ற ஊர்களின் தனித்தன்மை. குறைவும் மிகையும் இங்கு ஒரே குழந்தையின் உடலில் சந்தித்தன.

வயிற்றுப்போக்கின் மருந்து வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1971இல் வங்காள எல்லையிலுள்ள பன்கானின் அகதி முகாமில் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் காலராவில் சாவைப் பெருமளவு குறைத்த பின், ஓ.ஆர்.எஸ். என்னும் அக்கரைசலே முதன்மைச் சிகிச்சை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. உப்பிட்ட கஞ்சித் தண்ணீர் கொடுக்கும் கேரள வழக்கம் அதற்கு அருகில் வந்த வீட்டு முறை. ஆனால் கரைசல் போக்கை உடனே நிறுத்தாது. உடல் இழந்த நீரை ஈடுசெய்து, நோய் தானே தீரும்வரை குழந்தையைக் காக்கும். துணியை நனைத்துக்கொண்டிருக்கும் குழந்தையின் தாய்க்கு வேண்டியதோ போக்கை நிறுத்தும் மருந்து. அந்த வேட்கையைச் சந்தை நிறைவேற்றியது. குளோராம்ஃபெனிகாலும் ஸ்ட்ரெப்டோமைசினும் சேர்ந்த மருந்துகள் இந்தியாவில் வயிற்றுப்போக்குக்கு விற்கப்பட்டன. முன்னது அரிதாக எலும்பு மச்சையின் இரத்த உற்பத்தியையே நிறுத்தக்கூடியது, பின்னது காசநோய்க்கெனக் காக்கப்பட வேண்டியது. குடலின் அசைவை முடக்கும் லோப்பரமைடு, குழந்தைகளுக்கான சொட்டு மருந்தாகவே வளரும் நாடுகளில் விற்கப்பட்டு, பாகிஸ்தானின் முல்தானில் குழந்தைகள் குடல் செயலிழந்து இறந்த செய்தி வெளியானதும் 1990இல் திரும்பப் பெறப்பட்டது. பசி தூண்டவும் எடை கூட்டவும் என்று அனபாலிக் ஸ்டீராய்டுகள் சத்துக்குறைவான குழந்தைகளுக்கு விற்கப்பட்டதும் இக்காலத்திலேயே.

எதிர்ப்பும் கேரளத்திலிருந்தே வலுவாக எழுந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஜெய்சுக்லால் ஹாத்தி தலைமையிலான குழு 1975இல் 117 மருந்துகளே இன்றியமையாதவை என்று பட்டியலிட்டும், சந்தையில் பல்லாயிரம் பெயர்கள் புழங்கின. சாஸ்திர சாகித்ய பரிஷத் அக்குழுவின் பரிந்துரைகளைக் கையிலெடுத்துக் கலைப்பயணங்களிலும் சிறுநூல்களிலும் தேவையற்ற மருந்துகளைப் பற்றி ஊர் ஊராகப் பேசியது. நரம்பியல் அறுவை மருத்துவர் பி. இக்பால் அதன் முன்னணிக் குரல்களுள் ஒருவர். மத்திய அரசு 1983இல் நிலைவிகிதக் கூட்டு மருந்துகள், அதாவது இரண்டோ அதற்கு மேற்பட்டோ மருந்துகளை மாறாத விகிதத்தில் ஒரே மாத்திரையில் அடைத்தவை, பலவற்றைத் தடை செய்தது. கொச்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் வின்சென்ட் பனிக்குளங்கர தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தபோது, மக்களின் உடல்நலத்தைக் காப்பது அரசின் தலையாய கடமை என்று வலியுறுத்தியது. எந்த மருந்தைத் தடை செய்வது என்பதை மட்டும் வல்லுநரிடமும் அரசிடமும் விட்டது. விட்டதன் விளைவு: 2016இல் 344 கூட்டு மருந்துகளை ஒரே நாளில் தடை செய்ய வேண்டிய நிலை வந்தது, வழக்குகள் முடிந்து 2018இல்தான் அவற்றுள் பெரும்பகுதியின் தடை உறுதியானது. காய்ச்சலுக்கான நிமெசுலைடு 12 வயதுக்குட்பட்டோருக்குத் தடைசெய்யப்பட்டது 2011இல். அதற்குள் அது ஒரு தலைமுறைக் குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டுவிட்டது.

இருமல் மருந்து தனியே குறிப்பிடத்தக்கது. பயனற்றதை நோயாளி விலைகொடுத்து வாங்கி, அதன் வழியே நஞ்சையும் பெற்ற வரலாறு அது. டை எத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலைக் கரைப்பான், மருந்துக்கு உரிய கரைப்பானோடு கலந்துவிடுவதாலோ அதற்குப் பதிலாக இடப்படுவதாலோ, குழந்தைகளின் சிறுநீரகம் செயலிழந்து இறப்பது இந்தியாவுக்குப் புதிதன்று: 1972இல் சென்னை, 1998இல் குருகிராம். 2022இல் இந்தியாவில் தயாரான மருந்துகளோடு தொடர்புபடுத்தப்பட்டு காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தனர். 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தபோது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்னும் மருந்தில் அந்நஞ்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனை கண்டது. கேரளம் அம்மருந்தின் விற்பனையை நிறுத்தி, 12 வயதுக்குட்பட்டோருக்கு மருத்துவர் சீட்டின்றி மருந்து கொடுக்கக்கூடாது என்று மருந்துக்கடைகளுக்கு அறிவுறுத்தியது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்து எழுதக்கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்பது அப்போது மத்திய அரசு விடுத்த அறிவுரை. தரக்கட்டுப்பாடு தோற்றது என்பது உண்மையே. எனினும் இறந்த குழந்தைகளுள் பலருக்கு அம்மருந்து தூய்மையாக இருந்திருந்தாலும் தேவைப்பட்டிருக்காது என்பதும் உண்மை.

நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் மிகைப் பயன்பாடு தனி வீட்டின் சிக்கலாக இருந்த காலம் 2010இல் முடிந்தது. என்.டி.எம்-1 என்னும் நொதி பெற்ற, வலிய மருந்துகளுக்கும் மடியாத பாக்டீரியாக்கள் சென்னை உள்ளிட்ட நகரங்களின் மாதிரிகளில் கண்டறியப்பட்டதாக அவ்வாண்டு வெளியான ஆய்வு நாட்டை உலுக்கியது. 2012இல் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி உருவாக்கிய சென்னைப் பிரகடனமும், முக்கியமான எதிர்ப்பிகளைத் தனிப்பதிவேட்டில் எழுதியே விற்க வேண்டும் என்று 2014இல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையும் அதன் தொடர்ச்சி. கேரளம் 2018இல் மருந்தெதிர்ப்பைத் தடுக்க மாநிலச் செயல்திட்டம் வகுத்தது. இந்திய மாநிலங்களுள் அதுவே முதலாவது. 2024 ஜனவரியில் அம்ரித் என்னும் பெயரில் மருந்துக்கடைச் சோதனைகள் தொடங்கின. சீட்டின்றி எதிர்ப்பி விற்ற கடைகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. எதிர்ப்பிகளை நீல நிற உறையில் இட்டே கொடுக்கும் முறை வந்தது. ஓராண்டில் ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய் அளவுக்கு எதிர்ப்பி விற்பனை குறைந்ததாக மாநில அரசு அறிவித்தது. மருந்து ஏற்கச் சொல்லி 1813இல் தொடங்கிய அரசின் குரல், மருந்து தவிர்க்கச் சொல்லும் குரலாக மாற இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

இம்மாற்றத்தின் எல்லையையும் காண வேண்டும். கடைக்காரரைக் கட்டுப்படுத்தும் ஆணை மருத்துவரின் சீட்டைக் கட்டுப்படுத்தாது. சீட்டு இருந்தால் நீல உறையும் வந்துவிடும். அரசு நிலையத்தின் புறநோயாளர் வரிசையில் மருத்துவருக்கு ஒரு குழந்தைக்குச் சில நிமிடங்களே உண்டு. இது வைரஸ், மூன்று நாள் பொறுங்கள், மூச்சு வேகமானாலோ பால் குடிக்க மறுத்தாலோ உடனே கொண்டுவாருங்கள் என்று விளக்குவதற்கு அந்நேரம் போதாது. மருந்து எழுதப் போதும். மறுபுறம், கடலுக்குப் போகும் நாளே வருமானமுள்ள வீட்டில், குழந்தையோடு இரண்டாம் முறை மருத்துவமனைக்கு வருவது ஒரு நாள் கூலியை இழப்பது. ஆகவே முதல் வருகையிலேயே வலுவான மருந்து கேட்பது அறியாமையாகாது, கணக்கு. தாயின் அறியாமையைக் குறைகூறும் விழிப்புணர்வுச் சுவரொட்டிகள் இக்கணக்கைக் காண்பதில்லை. ஓ.ஆர்.எஸ். என்னும் நல்ல பெயரே சர்க்கரைப் பானங்களின் மேல் ஒட்டப்பட்டு விற்கப்பட்டு, ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்தது என்பதையும் நோக்கினால், சந்தைக்கு முன் தாயின் அறிவை மட்டும் நம்புவது எவ்வளவு அநியாயம் என்பது விளங்கும்.

நெய்யாற்றின்கரைச் சுகாதாரப் பிரிவு 1930களில் தொடங்கியபோது அதன் உயிராக இருந்தது, மருந்துப் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, ஓரிரு நாளில் மீண்டும் வந்து பார்த்துச் சென்ற செவிலியர். மறுநாள் ஒருவர் வந்து குழந்தையைப் பார்ப்பார் என்னும் உறுதி இருந்தால், காத்திருந்து பார்க்கலாம் என்று சொல்லும் துணிவு மருத்துவருக்கும் அதை ஏற்கும் துணிவு தாய்க்கும் வரும். இன்று கேரளத்தின் ஆஷா பணியாளர்களும் இளநிலைப் பொதுச் சுகாதாரச் செவிலியர்களும் அந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள். பதிவேடுகளை நிரப்புவதிலும் இலக்குகளை எட்டுவதிலும் அவர்களது நேரம் போகிறது. சோதனைகளும் தடைகளும் நீல உறைகளும் தேவையே. ஆனால் மீண்டும் வந்து பார்க்கும் அந்த வருகைக்கு அரசு பணமும் ஆளும் ஒதுக்காத வரை, விழிஞ்ஞத்தின் குழந்தைகளுக்கான மருந்துச் சீட்டு நீளமாகவே இருக்கும்.